பிரம்புக்கும் வேலிக்கும் ஆகும் செலவு

2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு, பேராக் மாநிலத்தின் பீடோரிலுள்ள தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பியோடினார்கள். அவர்களில் 115 பேர் ரொஹிங்யாக்கள், 15 பேர் மியன்மாரின் பிற இனத்தவர், ஒருவர் வங்காளதேசி. ஈப்போவிலிருந்து தெற்கே காரில் போகிறவர்கள் கொய்யாப்பழம் வாங்க நிற்கும் ஊர் பீடோர். அந்த ஊரை ஒட்டி ஓடும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், தப்பியவர்களில் ஒருவர் வாகனம் மோதி இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக, 2022 ஏப்ரல் 20-இல், கெடாவின் ரெலாவ் முகாமிலிருந்து 528 ரொஹிங்யாக்கள் வெளியேறியிருந்தார்கள். அன்றும் அதே நெடுஞ்சாலையில் ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் காப்பிக்கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை ஒரே கோரிக்கைதான் எழுகிறது: ஆள்கடத்துகிறவனுக்கும் கள்ளத்தனமாக நுழைகிறவனுக்கும் தண்டனையைக் கூட்டு. கூட்டினால் எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை யார் தருவது, அது எதை வாங்கித் தருகிறது என்று கேட்பவர் குறைவு. கால் நூற்றாண்டாக மலேசியா தண்டனையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே இதற்கு ஊகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. கணக்கு நம் முன்னே கிடக்கிறது.

1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 2002-இல் திருத்தப்பட்டது; திருத்தம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றி நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்றானது. அப்படிப்பட்டவருக்கு அடைக்கலம் தருபவருக்கும், ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைப்பவருக்கும் சிறையும் பிரம்படியும் உண்டு. மனித வணிகத்துக்கு எதிராக 2007-இல் வந்த சட்டத்துக்குள் 2010-இல் ஆள்கடத்தலும் சேர்க்கப்பட்டது. அதற்குச் சிறை 15 ஆண்டு வரை. கொடிய வகை என்றால் 3 முதல் 20 ஆண்டு. 2022-இல் அதே சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, மனித வணிகத்தின் கொடிய வகைகளுக்கு ஆயுள் தண்டனையும் பிரம்படியும் வந்தன. போதாததற்கு, ஆள்கடத்தல் வழக்குகள் சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றச் சட்டத்துக்குள்ளும் அடங்குகின்றன. நீதிபதி முன் நிறுத்தாமலே போலீஸ் 28 நாள் வரை வைத்திருக்கலாம். வழக்கு முடியும்வரை பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர், நோயாளிகள் தவிர வேறு யாருக்கும் ஜாமீன் இல்லை. சொஸ்மா என்றால் என்ன என்று நம் குடும்பங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. குற்றம் நிரூபணமாகும் முன்பே ஆண்டுகள் போய்விடும். அந்த ஆண்டுகளுக்கான சோறும் காவலும் பொதுப்பணம்.

யார் அகப்படுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடல் கடத்துகிறவனை நம் ஊரில் தெக்கோங் என்கிறோம். அவனுக்கு மேலே பணம் போட்டவன் ஒருவன், அவனுக்கும் மேலே எல்லையில் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரி. இவர்கள் சாலைத் தடுப்பில் நிற்பதில்லை. நிற்பவன், ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வண்டி ஓட்டுகிறவன். அல்லது மூடிய தோட்டத்தின் பழைய லயத்து வீட்டை வாடகைக்கு விட்டவன். அவன் 15 ஆண்டு உள்ளே போனால் வலையின் தலைக்கு ஒரு நட்டமும் இல்லை. வேலையில்லாத இன்னொரு இளைஞன் அடுத்த வாரமே அந்த ஸ்டீரிங்கைப் பிடிக்கிறான். ஆபத்து கூடியதால் கூலி கூடுகிறது. அந்தக் கூலி கடத்தப்படுகிறவர் தலையில் கடனாக ஏறுகிறது. கடனை அடைக்க அவர் இன்னும் சில ஆண்டுகள் ஒளிந்து வேலை செய்கிறார். தண்டனையை உயர்த்தும்போது தொழிலின் விலையைத்தான் உயர்த்துகிறோம். விலை உயர்ந்த தொழிலில் லஞ்சத்துக்கு ஒதுக்கும் பங்கும் உயரும்.

வாங் கெலியான் இதற்குச் சாட்சி. 2015 மே மாதம் பெர்லிஸ் எல்லைக் காட்டில் 28 முகாம்களும் 139 சவக்குழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. 15 ஆண்டுச் சிறை என்ற விதி அப்போது அமலுக்கு வந்து ஐந்தாவது ஆண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து நீதிமன்றம் 2017 ஜூலையில் 62 பேரைத் தண்டித்தது; அவர்களில் மனாஸ் கொங்பேன் என்ற ராணுவ லெப்டினன்ட் ஜெனரலும் ஒருவர், அவருக்கு 27 ஆண்டு. இந்தப் பக்கம் அரச விசாரணை ஆணையம் அமைக்க 2019 வரை ஆயிற்று. அத்தனை முகாம்கள் அதிகாரிகள் யாருக்கும் தெரியாமல் காட்டில் இயங்கின என்று நம்புவது கடினம். 2009 ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு வெளியிட்ட அறிக்கையே, மலேசியக் குடிநுழைவு அதிகாரிகள் சிலர் மியன்மார் அகதிகளைத் தாய்லாந்து எல்லையில் கடத்தல்காரர்களிடம் ஒப்படைத்ததாகக் குற்றஞ்சாட்டியிருந்தது. மனிதரைக் கூண்டில் அடைத்துப் பணம் கேட்டுச் சாகவிட்டவனுக்கு ஆயுள் தண்டனை தருவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சட்டப் புத்தகத்தில் கடுந்தண்டனை இருந்தும் அது அவனிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. 2002 திருத்தம் முதல் 2008 வரை குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் 47,914 பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள் என்றும், அவர்களில் 34,923 பேருக்குப் பிரம்படி கொடுக்கப்பட்டது என்றும் 2009-இல் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நான்கில் ஏறத்தாழ மூவர். நாளொன்றுக்குச் சுமார் 15 பேர். இவர்கள் கடத்தியவர்கள் அல்லர், கடத்தப்பட்டு வந்தவர்கள். பெரும்பாலோர் இந்தோனேசியர். பிரம்படிக்கு முன் மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அடிப்பதற்கென்று பயிற்சி பெற்ற சிறை அலுவலர் வேண்டும். அடிபட்ட புண் ஆறும்வரை சிறையில் வைத்து மருந்திட வேண்டும். அடிக்கும் அலுவலருக்கு ஓர் அடிக்கு 3 ரிங்கிட்டாக இருந்த ஊக்கத்தொகை 2005-இல் 10 ரிங்கிட் ஆக்கப்பட்டது என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2010 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இத்தனையும் நாட்டைவிட்டு எப்படியும் அனுப்பப்படப் போகிற ஒருவருக்காக. சிறை முடிந்து, தடுப்பு முகாமில் காத்திருந்து, கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அனுப்புவது வரை எல்லாப் படியிலும் பொதுப்பணம் கரைகிறது.

பயந்து ஆட்கள் வராமல் போனார்களா? பிரம்படி தொடங்கி ஒன்பது ஆண்டு கழித்து, 2011-இல் அரசு 6பி என்ற பதிவுத் திட்டத்தை அறிவித்தபோது ஆவணமில்லாத சுமார் 13 லட்சம் பேர் வந்து பதிந்துகொண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் மட்டுமே அத்தனை பேர். பிடிபடும் வாய்ப்பு குறைவாகவும் வேலை நிச்சயமாகவும் இருக்கும்போது, பிடிபட்டால் விழும் அடியின் எண்ணிக்கை முடிவை மாற்றுவதில்லை. தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட அது எவ்வளவு உறுதி என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று குற்றவியல் அறிஞர்கள் 18-ஆம் நூற்றாண்டின் பெக்காரியா முதல் சொல்லி வருகிறார்கள்.

தடுப்பு முகாம்களின் கணக்கு இன்னும் கொடியது. 2024 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டின் சுமார் 20 முகாம்களில் ஏறத்தாழ 12,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,400 பேர் குழந்தைகள். 2022-இல் மட்டும் இம்முகாம்களில் 150 வெளிநாட்டினர் இறந்ததாக உள்துறை அமைச்சு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது; ஏழு பேர் குழந்தைகள். 2019 ஆகஸ்ட் முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு உள்ளே அனுமதி இல்லை. அகதி யார், கூலிக்கு வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க ஆளில்லாததால், ரொஹிங்யாக்களைத் திருப்பியனுப்பவும் முடியாமல் வெளியே விடவும் மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பொதுச்செலவில் அடைத்து வைத்திருக்கிறோம். பீடோரிலும் ரெலாவிலும் வேலி உடைந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா? இந்த முகாம்களின் நிலையை 1995-இலேயே எழுதி வெளியிட்டவர் தெனாகனித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ். அரசு முகாம்களைச் சீராக்குவதற்கு முன் அவர்மீது வழக்குப் போட்டது. 2003-இல் 12 மாதச் சிறை விதிக்கப்பட்டு, 2008 நவம்பரில்தான் விடுதலையானார். அந்தப் பதின்மூன்று ஆண்டு வழக்கையும் வரி செலுத்துபவர்தான் நடத்தினார்.

சிறை கட்டுப்படியாகாது என்று அரசுக்கே தெரியும். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுமன்னிப்பு வருகிறது. 2014 முதல் 2018 வரை நடந்த திட்டத்தில் 400 ரிங்கிட் கட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். 2019-இல் 700 ரிங்கிட். 2024 மார்ச்சில் தொடங்கிய திட்டத்தில் ஆவணமின்றி நுழைந்தவருக்கும் தங்கியவருக்கும் 500, அனுமதி விதியை மீறியவருக்கு 300. ஐந்து ஆண்டுச் சிறையும் ஆறு பிரம்படியும் என்று சட்டம் சொல்லும் குற்றத்துக்கு, அரசின் சொந்தக் கணக்கில் விலை 500 ரிங்கிட். அந்தக் கணக்கு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஒருவரை ஆண்டு முழுக்க அடைத்துச் செலவழிப்பதைவிடக் கையில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது புத்திசாலித்தனம். ஆனால் மன்னிப்பு முடிந்த மறுநாள் அதே ஆள் மறுபடி பிரம்படிக்குரிய குற்றவாளி ஆகிறார்.

வீடு திரும்புவதே குற்றமாக இருக்கும்போது என்ன நடக்கும் என்பதை 2015 செப்டம்பர் 3-ஆம் தேதி பார்த்தோம். பேராக், சிலாங்கூர் எல்லையை ஒட்டிய சபாக் பெர்ணம் கடலில், இந்தோனேசியர்களை ஏற்றிப்போன ஒரு மரப்படகு கவிழ்ந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் வந்துகொண்டிருக்கவில்லை. சுமத்ராவின் தஞ்சோங் பாலாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்ட வழியில்லாதவர்கள் காசு கொடுத்து இரவில் படகேறினார்கள். மலேசியச் சட்டத்தின் வரையறையில் சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேற உதவுவதும் ஆள்கடத்தல்தான். தண்டனை கடுமையானதால் அவர்கள் போகாமல் இருக்கவில்லை. பத்திரமான வழியில் போகவில்லை, அவ்வளவே. தேடுதல், மீட்பு, உடல்களைக் கரைசேர்த்தல், அடையாளம் காணுதல் எல்லாம் அரசாங்கச் செலவு. உயிருக்கு யார் விலை போடுவது?

அந்த வரையறையில் இன்னொரு ஓட்டை உண்டு. ஆள்கடத்தல் பற்றிய 2000-ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறை, பண லாபமோ வேறு பொருள் லாபமோ இருந்தால்தான் அது ஆள்கடத்தல் என்கிறது. மலேசியச் சட்டத்தில் லாபம் என்ற நிபந்தனை இல்லை. தன் தங்கையைத் தானே அழைத்து வந்த அண்ணனும், கடலில் தவிப்பவரைக் கரைசேர்த்த மீனவரும் இதற்குள் வரக்கூடும். இந்தச் சிக்கலை உலகுக்கு எடுத்துக்காட்டியது தமிழர் ஏறிவந்த ஒரு கப்பல். 2009 அக்டோபரில் 76 ஈழத்தமிழருடன் ஓஷன் லேடி கனடாவின் வான்கூவர் தீவை அடைந்தது. பத்துப் பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ கடத்தினால் ஆயுள் தண்டனைவரை தரக்கூடிய பிரிவில் நால்வர்மீது வழக்கு. 2015 நவம்பர் 27-இல் கனடிய உச்ச நீதிமன்றம், மனிதாபிமான உதவியையும் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் செய்யும் உதவியையும் அகதிகள் தமக்குள் உதவிக்கொள்வதையும் குற்றமாக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு அகன்று கிடக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் நால்வரும் விடுதலை. ஆண்டுக்கணக்கான நீதிமன்றச் செலவு, கையில் ஒரு தண்டனைகூட இல்லை. ஓஷன் லேடி கரைசேர்ந்து ஆறு மாதத்தில், 2010 ஏப்ரலில், நம் பினாங்குக் கடலிலும் 75 ஈழத்தமிழர் இருந்த படகு மறிக்கப்பட்டது. இறங்க மறுத்து நின்ற அவர்களை இறக்கித் தடுப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோனோம்.

பேராக் தமிழருக்கு இந்த விவாதத்தில் பேசக் கூடுதல் உரிமை இருக்கிறது, கடமையும்தான். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றப்படும் முன்பே, நம்மவர் வருகை குற்றமாகவும் வணிகமாகவும் மாறி மாறிப் பார்க்கப்பட்டது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்ததால், அங்கே கூலிக்கு ஆள் அனுப்புவது இந்தியச் சட்டப்படி குற்றமாயிற்று. வணிகம் நிற்கவில்லை. 1870-இல் தஞ்சை மாவட்ட அதிகாரிகள் நாகப்பட்டினம் வழியாக ஆட்கள் ஏமாற்றியும் தூக்கியும் கொண்டுபோகப்படுவதாகச் சென்னை அரசுக்கு எழுதினார்கள். தடை இறுகியதும் பினாங்குத் தோட்ட முதலாளிகள் கூச்சலிட, 1872-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. இக்கரையில் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடியவனுக்குச் சிறை காத்திருந்தது. சிறை இருந்தும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது ஒரு நிதி. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. எத்தனை கூலிகளை வைத்திருக்கிறார்களோ அதற்கேற்ப எல்லாத் தோட்ட முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து இலவசக் கப்பல் பயணம். வந்து இறங்குகிறவர் தலையில் பயணக் கடன் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தோட்டம் மாறலாம். கடனைக் காட்டிக் கட்டிவைக்க முடியாதபோது ஆளைத் திருடுவதில் லாபம் குறைந்தது. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறையும் ஒழிந்தது. முதலாளிகள் தர்மம் செய்யவில்லை. தாராளமாக ஆள் வந்தால் கூலியைத் தாழ்த்தி வைக்கலாம் என்பதே அவர்கள் எண்ணம். கங்காணிகள் தலைக்காசு வாங்கிக்கொண்டு லயங்களில் நடத்திய கொடுமையை நம் பாட்டிமார் மறக்கவில்லை. என்றாலும் ஒன்று தெளிவு: பயணச் செலவு தொழிலாளியிடமிருந்து முதலாளிக்கு மாறியதும் கடத்தல்காரனுக்கு வேலை குறைந்தது. கடைசியில், கூலிக்குறைப்புத் தகராறில் 1938 ஜூன் 15-இல் இந்திய அரசு அந்த வழியை மூடியது.

பின்னர் நாமே ஆவணமில்லாதவர் ஆனோம். 1968-இன் வேலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றது. தோட்டத்தில் பிறந்து பால்மரம் வெட்டியே வயதானவர்கள், ஒரு காகிதம் இல்லாததால், ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எண்பதுகளிலிருந்து பேராக் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, நம் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் பட்டண ஓரங்களுக்கு நகர்ந்தபோது, அந்த லயங்களில் குத்தகைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய இந்தோனேசியர் குடியேறினார்கள். அதே லயம், அதே கடன். கங்காணி இருந்த இடத்தில் ஏஜென்ட்.

இன்று சட்டப்படி வரும் வழி எப்படி இருக்கிறது? தீபகற்பத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டு லெவி 640 ரிங்கிட். கட்டுமானம், உற்பத்தி, சேவைத் துறைகளில் 1,850. 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். ஆனால் ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணம் தொழிலாளியின் கடனாகவே தொடர்கிறது. நம்மவர் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்கும் முடிதிருத்தும் கடை, நகைப்பட்டறை, துணிக்கடை ஆகிய மூன்று தொழில்களிலும் 2009-இல் புதிய ஆள் எடுப்பது முடக்கப்பட்டது. 2023-இல்தான் 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கத்தரிக்கோல் சும்மா இருக்கவில்லை. விசிட் விசாவில் வந்து தங்கிவிட்டவர்கள் பலர். 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசாவே தேவையில்லை. முறைப்படி விமானத்தில் வந்து இறங்குகிறவரைப் படகுக்காரனுக்கான கடுந்தண்டனை எப்படித் தடுக்கும்?

ஆகவே சட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆள்கடத்தல் வரையறையில் லாபம் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். கடத்தப்பட்டு வந்தவருக்குப் பிரம்படியையும் சிறையையும் நீக்கி, மன்னிப்புத் திட்டத்தின் அபராதத்தையே நிரந்தர விதியாக்க வேண்டும். லெவி பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, அரசுக்கும் அரசுக்கும் இடையிலான நேரடி ஆளெடுப்பில் பயணச் செலவைக் கட்ட வேண்டும். 1907-இல் காலனி ஆட்சிக்கு முடிந்தது இன்று முடியாதா? மிச்சமாகும் பணத்தில் எல்லை அதிகாரிகளின் வங்கிக் கணக்கை ஆராய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு ஆள் கொடுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றம் கூட வேண்டும், விவாதம் நடக்க வேண்டும், காலமாகும். ஒன்றுக்கு மட்டும் அது தேவையில்லை. ஆவணமில்லாத நோயாளி வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கும்படி அரசு மருத்துவமனைகளுக்குச் சுகாதார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை 10/2001 இன்னும் அமலில் இருக்கிறது. பிடித்துக்கொடுப்பார்கள் என்ற பயத்தில் இருமிக்கொண்டே லயத்தில் படுத்திருப்பவரின் காசநோய், பக்கத்து அறைக்குப் போகும்போது யார் பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை. முற்றிய நிலையில் ஈப்போ மருத்துவமனைக்குத் தூக்கிவரும்போது ஆகும் செலவு, முதலிலேயே மாத்திரை கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடப் பலமடங்கு. அந்தச் சுற்றறிக்கையை மீட்டுக்கொள்ள அமைச்சின் ஒரு கடிதம் போதும்.